எங்கள் வீட்டுப் பட்டிமன்றமும் நைஜீரியாக்காரியும்

நைஜீரியாவை நான் கண்ணால் கண்டதில்லை. வரைபடத்தில் காட்டச் சொன்னால் ஆபிரிக்காவின் இடுப்புப் பக்கமாக விரலை வைத்துச் சமாளிப்பேன். அப்படிப்பட்ட நான்தான், அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏன் உலகத்தில் பின்னுக்கு நிற்கின்றன என்று ஆக்லாந்தின் நியூ லின்னில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொண்டை கிழியக் கத்தினேன். கைதட்டும் வாங்கினேன். அந்தக் கைதட்டால் எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன்.

மூல காரணம் என்ர மனிசன்தான். பகலில் நகர மையத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற சாதுவான ஆள். சனி ஞாயிறு வந்தால் நடுவர். ஆக்லாந்தில் தமிழ் ஆக்கள் எங்கே கூடினாலும் ஒரு பட்டிமன்றம் வைத்தால்தான் சாப்பாடு செமிக்கும் என்பது இவருடைய முடிந்த முடிவு. குளிருக்கு நல்லது கம்பளியா ஹீட்டரா என்றுகூட ஒருமுறை வைத்தார். ஹீட்டர் கட்சி வென்றது, ஏனென்றால் கம்பளிக் கட்சிப் பேச்சாளருக்குச் சளி பிடித்துத் தடிமன், பாதியில் குரல் போய்விட்டது. பேச்சாளர்களின் நேரம் முடிந்தால் அடிக்கிறதுக்கு ஒரு மணி வைத்திருக்கிறார், கடை மேசைகளில் இருக்குமே, மேலே தட்டினால் 'டிங்' என்கிற சாமான். வீட்டிலும் அதைச் சாப்பாட்டு மேசையில்தான் வைப்பார். நான் கொஞ்சம் நீளமாகக் கதைத்தால் 'டிங்'. இருபத்தைந்து வருசமாக இந்த மனிசனோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அடுத்த ஆள் நைஜீரியாக்காரி. எங்கள் வீட்டுப் பின்னறையில் மூன்று வருசமாக வாடகைக்கு இருந்தாள். தண்ணீர்க் குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து டொக்டர் பட்டம் எடுத்தவள். நான் நிர்வாகப் பகுதியில் வேலை செய்கிற பல்கலைக்கழகத்திலேயே அவள் படிப்பித்தாள், ஆனால் செமஸ்டருக்குச் செமஸ்டர் ஒப்பந்தம். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் அடுத்தது கிடைக்குமோ கிடைக்காதோ என்று நகம் கடிப்பாள். சனிக்கிழமைகளில் நகரத்தின் மற்றக் கோடியில், பாட்டனி டவுன்ஸில், ஒரு கடையில் கட்டில் விற்றாள். டொக்டர் பட்டம் எடுத்தவள் மெத்தையில் குதித்துக் காட்டி, 'பாருங்கள், முதுகுக்கு எவ்வளவு நல்லது' என்று சொல்லி வியாபாரம் செய்ததை நான் என் கண்ணால் கண்டேன். ஐயோ பாவம் என்று இருந்தது. அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு அவளில் சரியான விருப்பம். காரணம் பெரிசாக ஒன்றுமில்லை. என்னுடைய யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் வைத்த கறியைச் சாப்பிட்டு, "நல்ல ருசி ஆன்ட்டி, ஆனால் உறைப்புக் காணாது" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே மனுசி அவள். எனக்குக் கொதி வந்தது. அடுத்த நாள் மிளகாயைக் கூட்டினேன். அதுக்கும் காணாது என்றாள். இப்படியே கூட்டிக் கூட்டி, கடைசியில் இவர் தயிரோடு மட்டும் சாப்பிடுகிற நிலைக்கு வந்தார், நாங்கள் இரண்டு பேரும் கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம். பிள்ளைகள் வேறு ஊர்களுக்குப் போன வீட்டில் அந்தச் சத்தம் எனக்குத் தேவையாக இருந்தது.

போன வருசம் இரண்டு விசயம் ஒன்றாக வந்தன. எங்கள் பல்கலைக்கழகத்தில் அவளுடைய பகுதியில் ஒரு நிரந்தர வேலை வரப்போகிறது, அது அவளுக்குத்தான் என்று எல்லாரும் கதைத்தார்கள். நான் மனதுக்குள் தேங்காய் உடைத்தேன். அதே கிழமை அவள் படித்த பழைய நைஜீரியப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். அங்கே அவளுடைய துறைக்கு விரிவுரையாளர் தேவை, நேர்முகம் இணையவழி, கணினித் திரையில். முதலில் ஒரு சின்ன உரை நிகழ்த்த வேண்டும். தலைப்பு: நமது பல்கலைக்கழகங்கள் உலகத்தில் ஏன் பின்தங்கி நிற்கின்றன, எப்படித் திருத்தலாம்?

"விண்ணப்பம் போடப்போறியோ?" என்று கேட்டேன்.

"சும்மா முயற்சி செய்து பார்க்கிறேன் ஆன்ட்டி. கிடைக்காது. கிடைத்தாலும் போவேனோ தெரியாது."

அந்தத் 'தெரியாது' எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் உரையை எங்கள் குசினியில் நின்று பழகினாள். திரையில் காட்டுகிறதுக்கு ஏகப்பட்ட பக்கங்கள். நிதி ஒதுக்கீடு, உட்கட்டமைப்பு, ஆராய்ச்சி வெளியீடு என்று ஒரே குரலில் வாசித்துக்கொண்டு போனாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன், இருந்தும் நித்திரை வந்தது. தேத்தண்ணி போட வந்த இவர் வாசலில் நின்று கேட்டார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"பிள்ளை, இது பேச்சோ, மருந்துப் போத்தல்ல ஒட்டின துண்டோ?" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், நான் தமிழில் தருகிறேன்.

அவள் பாவம், "சரியில்லையா அங்கிள்?" என்றாள்.

"விசயம் இருக்கு. ஆனா எதிர்க்கட்சி இல்லை. எதிர்க்கட்சி இல்லாமல் உண்மை வெளியில வராது. ஞாயிற்றுக்கிழமை நான் ஒழுங்கு செய்யிறன்."

என்ன ஒழுங்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வரவேற்பறையில் கதிரைகள் வரிசையாக. சுவரில் கடதாசியில் பெரிய எழுத்தில்: 'நைஜீரியப் பல்கலைக்கழகங்கள் பின்தங்கக் காரணம் அரசா? ஆசிரியர்களா?' தெருவிலும் கோயிலிலும் தெரிந்த ஆக்கள் ஒரு பதினைந்து பேர் வந்துவிட்டார்கள், கையில் வடை, கண்ணில் கொலைவெறி. நைஜீரியா என்றால் என்ன, பக்கத்துக் கோளைப் பற்றித் தலைப்பு வைத்தாலும் வருகிற கூட்டம் அது.

அரசுதான் காரணம் என்று பேச பாட்டனி டவுன்ஸ் தம்பி. தமிழ்நாட்டுக்காரர், எஞ்சினியரிங் படித்துவிட்டு அந்தக் கட்டில் கடையில் மனேஜராக இருக்கிறார். நைஜீரியாக்காரிக்குச் சனிக்கிழமை வேலை கொடுத்ததும் அவர்தான். ஆசிரியர்கள்தான் காரணம் என்று பேச நான். நான் பேசுகிறேன் என்று சொல்லவே இல்லை. இவர் பெயர் போட்டுவிட்டார்.

நைஜீரியாக்காரி தானும் பேசலாமா என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஏலாது," என்றார் இவர். "உமக்கு விசயம் தெரியும். மற்ற ஆக்களுக்கு அது அநியாயம்."

சபையில் எல்லாரும் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். அவள் வாயைத் திறந்தது திறந்தபடி கதிரையில் இருந்தாள். பக்கத்து வீட்டு மலேசிய அக்கா அவளுக்குப் பக்கத்தில் இருந்து காதுக்குள் மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடு.

தம்பி எழும்பினார். "நடுவர் அவர்களே! அறிவிலும் அழகிலும் சிறந்த எதிரணித் தலைவி அக்கா அவர்களே! வடை சுட்ட கைகளே!" என்று தொடங்கினார். வடை சுட்டதும் நான்தான், அதனால் அந்த இடத்தில் அவருக்கு ஒரு புள்ளி விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. "பூமிக்கு அடியில அவ்ளோ எண்ணெய் இருக்கு நடுவர் அவர்களே. ஆனா யுனிவர்சிட்டில கரண்ட் இல்ல! லேப்ல பையன் மெழுகுவத்தி வச்சுக்கிட்டா ஆராய்ச்சி பண்ணுவான்? பண்ணலாம், மெழுகுவத்தியப் பத்தி வேணா பண்ணலாம்!"

கைதட்டு. முந்தின இரவு முழுக்க இணையத்தில் தேடியிருக்கிறார், நல்லாத் தெரிந்தது. ஆனால் தேடியது கொஞ்சத்தில் தீர்ந்துவிட்டது. ஆளுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதனால் மெதுவாகத் தன்னுடைய கல்லூரிக்குள் வழுக்கி விழுந்தார்.

"எங்க காலேஜ்ல ஒரு லேப் இருந்துச்சுங்க. வெறும் ரூம். அங்கீகாரம் குடுக்க மேலிடத்துலேர்ந்து ஆளுங்க வர்ற அன்னைக்கு மட்டும் மெஷின் வரும். பக்கத்து காலேஜ்லேர்ந்து லாரில வரும். சாயங்காலம் அதே லாரில திரும்பிப் போயிடும். ஒரு தடவ லாரி பஞ்சர். மெஷின் ஒரு ராத்திரி எங்ககூட தங்கிச்சு. நாங்கல்லாம் வரிசையில நின்னு போட்டோ எடுத்துக்கிட்டோம்!"

மலேசிய அக்கா மொழிபெயர்த்து முடிக்கவில்லை, நைஜீரியாக்காரி துள்ளி எழும்பினாள். "இது உங்களுக்கு யார் சொன்னது? இது எங்கள் பல்கலைக்கழகம்! எங்களிடம் மெஷின் மட்டுமில்லை, பேராசிரியர்களையும் வாடகைக்குக் கொண்டுவருவார்கள்! அன்றைக்கு மட்டும் முன்வரிசையில் இருப்பார்கள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்!"

"டிங்," என்றது மணி. "சபையோர் குறுக்கிடக் கூடாது," என்றார் இவர்.

என்னுடைய முறை. எனக்கு அரசுக் கட்சிதான் உள்ளுக்குப் பிடித்திருந்தது, அதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். அரசு சரியில்லை, மின்சாரம் இல்லை, திருத்தவே முடியாது என்று பேசக் கிடைத்திருந்தால் எனக்கு இரட்டைச் சந்தோசம். அவளும் கேட்டுவிட்டு இங்கேயே இருந்திருப்பாள். ஆனால் கிடைத்த பக்கம் இது. பட்டிமன்றத்தில் கிடைத்த பக்கத்தைப் பேச வேண்டும். பேசினால் வெல்ல வேண்டும். தோற்கிறதுக்கு எனக்குச் சின்னனில் இருந்தே பழக்கமில்லை.

நானும் என்ர கம்பஸில்தான் தொடங்கினேன். "நாங்கள் படிக்கேக்க நாலு வருசப் படிப்பு நடுவர் அவர்களே. ஒருக்கா சண்டை எண்டு பூட்டுவினம், ஒருக்கா வேலைநிறுத்தம் எண்டு பூட்டுவினம். நான் பட்டம் எடுத்து வெளியில வர, எனக்குப் பின்னால பிறந்த தங்கச்சிக்குக் கலியாணமும் முடிஞ்சு, பிள்ளை என்னைப் பெரியம்மா எண்டு கூப்பிடுது!"

தம்பி குறுக்கே, "அக்கா, நைஜீரியா, நைஜீரியா!" என்றார்.

"வாறன், பொறும்! நைஜீரியாவிலயும் உதுதான். ஒரு வாத்தியார் தன்ர குறிப்பைத் தானே அச்சடிச்சு விப்பாராம். வாங்காத பிள்ளைக்குப் புள்ளி குறையுமாம். இன்னொருத்தர் தவணையில முதல் நாளும் கடைசி நாளும்தான் முகம் காட்டுவாராம். அரசு காசு தரேல்லைதான். ஆனா வகுப்புக்கு வாறதுக்கு என்ன காசு? ஆராய்ச்சி எழுதினா ஆருக்கும் கிடைக்காத ஒரு சஞ்சிகையில போட்டு அலுமாரிக்குள்ள வைக்கிறதுக்கும் அரசோ காரணம்?"

சபை சூடேறிவிட்டது. இவர் மணியில் கையை வைத்துவிட்டார். முடிக்க ஒரு இடி வேண்டும். என்ர கண் சபையைச் சுற்றி வந்து நைஜீரியாக்காரியில் நின்றது. வாய் தன்பாட்டில் ஓடியது.

"நல்ல வாத்திமாரே இல்லையோ எண்டு கேக்கிறியள். இருக்கினம் நடுவர் அவர்களே! ஆனா எங்க இருக்கினம்? வகுப்பில இல்லை! இந்தா, நியூ லின்னில, என்ர வீட்டில, கையில என்ர வடையோட இருக்கினம்! நல்லவையெல்லாம் இஞ்ச வந்து கட்டில் வித்தா, அங்க பிள்ளையளுக்கு ஆர் படிப்பிக்கிறது?"

வீடு அதிர்ந்தது. ஒரு மாமா விசில் அடித்தார். தம்பியே எழும்பிக் கை தட்டினார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், உலகத்தையே வென்ற மாதிரி.

மலேசிய அக்கா அவள் காதுக்குள் சொன்னதும் எனக்குக் கேட்டது. நீட்டி முழக்காமல் ஒரே வரியில் முடித்தார். "நீங்கதான் காரணம்னு சொல்றாங்க."

நைஜீரியாக்காரி கை தட்டவில்லை. கையில் இருந்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தாள்.

தீர்ப்பில் இவர் வழக்கம்போல, அரசு ஒரு கண், ஆசிரியர் மற்றக் கண் என்று இழுத்தார். சபை "ஊ" என்று கத்தியது. கடைசியில், "நான் இந்த வீட்டிலதான் இண்டைக்கு இரவும் சாப்பிட வேணும், ஆகவே ஆசிரியர் அணி," என்று முடித்தார்.

எல்லாரும் போன பிறகு நான் தட்டுகளைக் கழுவினேன், அவள் துடைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்கள் சொன்னது சரி."

"எதைச் சொல்லுறாய்?"

"நல்லவர்கள் எல்லாரும் இங்கே இருந்தால் அங்கே யார் படிப்பிப்பது? எங்கள் ஊரில் இப்படி வெளியே ஓடுவதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது. எங்கள் வகுப்பில் கெட்டிக்காரர் எல்லாரும் ஓடிவிட்டோம். பிறகு வெளியில் இருந்துகொண்டு எங்கள் பல்கலைக்கழகம் பட்டியலில் எத்தனையாவது என்று பார்த்துச் சிரிக்கிறோம்."

"விசர்க்கதை கதையாத பிள்ளை! அது எனக்குத் தந்த பக்கம். மற்றப் பக்கத்தைத் தந்திருந்தா அதைவிடச் சத்தமாக் கத்தியிருப்பன்."

"அப்படியென்றால் நீங்கள் சொன்னதை நீங்கள் நம்பவில்லையா?"

"அது பட்டிமன்றம் அம்மா. நம்புறது வேற, பேசுறது வேற."

அவள் துணியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "நம்பாமலா அவ்வளவு கத்தினீர்கள்?" என்று கேட்டாள். நான் கழுவின தட்டையே திரும்பக் கழுவினேன்.

நேர்முகம் வெள்ளிக்கிழமை. அங்கே காலை, எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னறையில் வைஃபை சரியில்லை என்று வரவேற்பறையில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் திரைக்குத் தெரியாமல் சோபாவில் மூச்சுக் காட்டாமல் இருப்பதாகப் பேச்சு. இவர் இடுப்பில் சாரமும் மேலே குளிருக்கு ஒரு தடித்த ஸ்வெற்றரும். மடியில் மணி. "அது என்னத்துக்கு?" என்று கண்ணால் கேட்டேன். "பழக்கம்" என்று கண்ணாலேயே சொன்னார்.

திரையில் நாலு பேர். நடுவில் வட்டத் தொப்பி போட்ட பெரிய உருவமாக ஒரு பேராசிரியர், தலைவர் அவர்தான். அவள் அந்தப் பக்கங்களை ஒன்றையும் திறக்கவில்லை. எழும்பி நின்றாள். தலைவரை வாழ்த்தினாள், அவருக்குப் பக்கத்தில் இருந்த பேராசிரியை அம்மாவை வாழ்த்தினாள், அரசுத் தரப்பில் வந்தவரைப் பார்த்து, "காசு தராவிட்டாலும் முகம் தந்தீர்களே, நன்றி" என்றாள். நான் சோபாத் தலையணையைக் கடித்தேன். இது எங்கள் வீட்டு வியாதி. பிள்ளைக்குத் தொற்றிவிட்டது.

அரசு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதில்லை, அதனால் வேலைநிறுத்தம், அதனால் பிள்ளைகளின் வருசங்கள் போகின்றன என்று தொடங்கினாள். குறிப்பு விற்கிற விரிவுரையாளர்களையும் விடவில்லை. எப்படித் திருத்துவது என்கிற பகுதிக்கு வரவும் திரையில் நாலு முகமும் பட்டென்று இருண்டன. மின்சாரம் போய்விட்டது. ஒருவர் கைத்தொலைபேசி வெளிச்சத்தை முகத்தில் பிடித்தார், பேய் மாதிரி இருந்தது. பிறகு ஜெனரேட்டர் ஒன்று 'டர்ர்' என்று இரைய, முகங்கள் திரும்பி வந்தன.

"ஐயா," என்றாள் இவள், "என்னுடைய மூன்றாவது காரணத்தை நீங்களே காட்டிவிட்டீர்கள்."

தொப்பிப் பேராசிரியர் தோள் குலுங்கச் சிரித்தார். அரசு ஆள் சிரிக்கவில்லை.

பிறகு அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாடகைக்கு மெஷின் கொண்டுவருவதை நிறுத்துங்கள், இல்லாததை இல்லை என்று எழுதுங்கள், அப்போதுதான் ஒரு நாள் உண்மையாக வாங்குவீர்கள். எழுதுகிற ஆராய்ச்சியை அலுமாரியில் பூட்டாமல் உலகம் பார்க்கிற இடத்தில் போடுங்கள். வெளியே போன எங்களை விடாதீர்கள். ஒவ்வொருவரையும் ஆளுக்கு ஒரு பாடமாவது திரையில் நடத்தச் சொல்லிக் கழுத்தைப் பிடியுங்கள். வரக்கூடியவர்களை வரச் சொல்லுங்கள். என்னை—

"டிங்."

என்ர மனிசன்! நேரம் முடிந்துவிட்டதாம்! கை தன்பாட்டில் போய்த் தட்டிவிட்டதாம்! எனக்கு வந்த கோபத்தில் அந்த மணியை அவர் வாய்க்குள் அடைத்திருப்பேன்.

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் தொப்பிப் பேராசிரியர்.

அவள் எங்கள் பக்கம் ஒருக்கால் பார்த்தாள். பிறகு, "எங்கள் நடுவர், ஐயா," என்றாள்.

"நடுவரா? அவரை வரச் சொல்."

இவருக்கு வேறு என்ன வேண்டும்? நான் ஸ்வெற்றரைப் பிடித்து இழுத்தேன், நூல்தான் கையோடு வந்தது. இவர் சாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்று, கை கூப்பி, இடுப்பை வளைத்து, ஆங்கிலத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு, ஆனாலும் இந்தப் பிள்ளை பேசினால் எந்த அணியும் வெல்லும், அதனால் தாமதிக்காமல் எடுக்கவும், நன்றி, வணக்கம்.

"இவர் உன் சிபாரிசுக்காரரா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லை அம்மா," என்றார் இவர் முந்திக்கொண்டு. "நான் வீட்டுக்காரன். இவ போனா வாடகை போகும். அதனால நான் சொல்லுறதை நீங்கள் நம்பலாம்."

நாலு பேரும் சிரித்தார்கள், அரசு ஆள் உட்பட. நான் சோபாத் தலையணைக்குப் பின்னால் இருந்துகொண்டு, கடவுளே, இந்தக் கூத்தாலாவது வேலை கிடையாமல் போகட்டும் என்று கும்பிட்டேன்.

கிடைத்துவிட்டது. இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அடுத்த நாளே எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்தும் நிரந்தர வேலைக் கடிதம். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

நான் விடுவேனா? அன்றைக்கே மற்றப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். மின்சாரம் இல்லை, சம்பளம் நேரத்துக்கு வராது, மெஷின் லாரியில் வந்து லாரியில் போகும், இஞ்ச நிரந்தர வேலை, விசா பிரச்சினை தீர்ந்தது, பிறகு வங்கியில மோட்கேஜ் எடுத்து வீடு வாங்கலாம், எங்கட தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு வருகுது. காலையில் பாணோடு பேசினேன், இரவில் புட்டோடு பேசினேன். என்ர வாழ்க்கையிலேயே நான் பேசிய நல்ல பேச்சு அதுதான். நெஞ்சிலிருந்து வந்தது. ஒரு நாள் நான் தொடங்க, அவள் மேசையில் இருந்த மணியை எட்டி 'டிங்' என்று தட்டிவிட்டுச் சிரித்தாள். இவருக்கு ஆனந்தக் கண்ணீர்.

அவள் அங்கத்தைய வேலைக்கு ஓம் என்று எழுதிவிட்டாள். டிக்கெட்டும் போட்டாயிற்று. போகிற கிழமை செய்தி வந்தது: அங்கே விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம். எல்லாம் பூட்டு. எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

நான் குசினியில் நின்று ஆடினேன். உண்மையாகவே ஆடினேன், கையில் அகப்பையோடு. "பாத்தியோ! பாத்தியோ! வேலையே இல்லை! டிக்கெட்டை மாத்து! இஞ்சத்தைய கடிதத்துக்குப் பதில் போட இன்னும் நாள் இருக்கு!"

அவளும் சிரித்தாள். "ஆன்ட்டி, வேலையில் சேர முதலே வேலைநிறுத்தத்தில் சேர்ந்த ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்."

"அப்ப நிக்கிறாய்தானே?"

"இல்லை. போகிறேன். வகுப்பு நடக்காவிட்டாலும் பிள்ளைகள் அங்கேதானே இருக்கிறார்கள்."

"சம்பளமில்லாமல் என்னத்தைச் சாப்பிடுவாய்?"

"அம்மா வீடு இருக்கிறது. உறைப்பும் காணும்."

எனக்கு அந்த நேரம் வந்த கோபத்தைச் சொல்ல ஏலாது. அகப்பையைத் தொட்டிக்குள் எறிந்தேன். "நான் உண்மையாச் சொல்லேக்க நீ கேக்கேல்லை! போட்டிக்குச் சொன்னதைக் கேட்டுட்டுப் போறாய்!" என்று கத்தினேன். அவள் வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். நான் தள்ளிவிட்டேன். திரும்பவும் பிடித்தாள். அதுக்குப் பிறகு நான் தள்ளவில்லை.

விமான நிலையத்துக்கு நாங்கள் இரண்டு பேரும், பாட்டனி டவுன்ஸ் தம்பியும், மலேசிய அக்காவும் போனோம். தம்பி கட்டில் கடைத் தலையணை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். மலேசிய அக்கா, "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுங்க லா," என்று சொல்லிச் சொல்லியே அழுதார். நான் அழவில்லை. மூன்று கிலோ மிளகாய்த்தூளை அவள் பெட்டிக்குள் திணிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் ஏசிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் என் வேலை நேரசூசி போடுவது. எந்த வகுப்பு, எந்த நேரம், எந்த அறை, எல்லாம் என் கையில். அடுத்த செமஸ்டருக்கான நேரசூசியைத் திறந்தேன். அவள் நிற்பாள் என்ற நம்பிக்கையில், ஒருவருக்கும் சொல்லாமல், அவள் பெயரை முன்னமே போட்டு வைத்திருந்தேன். செவ்வாய் காலை பத்து மணி. மூன்றாம் மாடி, காலை வெயில் விழுகிற அறை, புது ப்ரொஜெக்டர். முழுக் கட்டடத்திலும் ஆக நல்ல அறை அது, எல்லாரும் அதுக்குத்தான் என்னிடம் பல்லைக் காட்டுவார்கள்.

அவள் பெயரை அழித்தேன். அவளுடைய இடத்துக்கு அவசரமாக ஒரு செமஸ்டர் ஒப்பந்தத்தில் எடுத்த புது ஆளின் பெயரைப் போட்டேன். யாரென்றே தெரியாத அந்த மனிசனில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. நிலத்துக்குக் கீழே ஒரு அறை இருக்கிறது, யன்னல் இல்லை, ப்ரொஜெக்டர் நினைத்தால்தான் வேலை செய்யும், மழை பெய்தால் ஒரு மூலையில் ஈரம். அதைத் தூக்கி அவருக்குக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். மனதுக்கு நல்ல இதமாக இருந்தது.

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். வகுப்பில் இருக்கப்போகிற பிள்ளைகளின் பட்டியல் திரையில் அப்படியே இருந்தது. ஒரு பெயரும் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த ஈர அறையில் இருக்கப்போவது அவர்கள்தானே. அறையை மாற்றி, மூன்றாம் மாடி வெயிலையே கொடுத்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு இருந்து அழுதேன்.